மேக் அப்: கதை கட்டுவதா, ஈடுகட்டுவதா, ராசியாவதா?

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம். ‘மேக் அப்’ என்றாலே முகப்பூச்சுதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கும்போது அது வருகிற பல இடங்களில் முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் பாருங்கள்.

“ஹி மேட் அப் த ஹோல் ஸ்டோரி.”
“நைட்ரஜன் மேக்ஸ் அப் அபௌட் 78 பர்சென்ட் ஆஃப் த ஏர்.”
“நத்திங் கேன் மேக் அப் ஃபார் த லாஸ்.”
“தே குவாரல்ட் இன் த மார்னிங் அண்ட் மேட் அப் பை ஈவினிங்.”
“மேக் அப் யுவர் மைண்ட்.”

அகராதியைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பொருள் போட்டிருக்கிறது. எதை எங்கே எடுத்துக்கொள்வது? சில இடத்தில் பின்னால் ‘ஃபார்’, சில இடத்தில் ‘வித்’, சில இடத்தில் ‘ஆஃப்’ வருகிறது. ‘மேக் இட் அப்’ என்று நடுவில் சொல் நுழைவதையும் பார்த்தேன். இதற்கெல்லாம் ஏதாவது ஒழுங்கு உண்டா? வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்தால் வாய்விட்டுச் சொல்லிப் பழக வசதியாக இருக்கும்.

வினைத்தொகை எழுதியது:

ஒழுங்கு உண்டு, தேன்சிட்டு. அகராதி வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள். ‘மேக் அப்’ என்பதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பொருள் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து கதை, சாக்கு, பொய், பெயர், பாட்டு, விளையாட்டு மாதிரி மூளையிலிருந்து வரும் ஒன்று இருந்தால், இல்லாததை உண்டாக்குவது. அடுத்து ஒரு பங்கோ சதவீதமோ இருந்தால், முழுமையின் ஒரு பகுதியாக அமைவது. ‘ஃபார்’ வந்தால் ஈடுகட்டுவது. ஒன்றுமே வராமல் வாக்கியம் முடிந்தாலோ, ‘வித்’ போட்டு ஓர் ஆள் வந்தாலோ, சண்டை தீர்ந்து ராசியாவது. ‘மைண்ட்’ வந்தால் முடிவெடுப்பது. உங்கள் ஐந்து வாக்கியமும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிட்டன.

முதல் பொருளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தவறு அதிகம் நடக்கிற இடம் அது.

‘மேக் அப்’ என்றால் பொய் சொல்வது என்று பலர் படித்து வைத்திருக்கிறார்கள். அது பாதி உண்மைதான். “ஹி மேட் அப் அன் எக்ஸ்கியூஸ்” என்றால் சாக்கு சொன்னான், அது பொய். ஆனால் “ஷி மேட் அப் அ சாங் ஃபார் த சில்ட்ரன்” என்றால் குழந்தைகளுக்காக அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினாள் என்றுதான் பொருள். அதில் குற்றம் ஏதும் இல்லை. கதை, பாட்டு, விளையாட்டு, புதுச்சொல் இவற்றோடு வந்தால் கற்பனை. சாக்கு, புள்ளிவிவரம், சாட்சியம், பட்டம் மாதிரி உண்மையாக இருக்கவேண்டியவற்றோடு வந்தால் மோசடி. “தே மேட் அப் த ஃபிகர்ஸ்” என்று ஓர் ஆய்வறிக்கையைப் பற்றி எழுதினால் அது கடுமையான குற்றச்சாட்டு. கணக்குப் போட்டு எடுத்த எண்கள் என்று சொல்ல நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, கருவியைக் கண்டுபிடித்ததற்கு இந்த வினை வராது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார் என்பதற்கு “எடிசன் இன்வென்டட் த ஃபோனோகிராஃப்” என்றுதான் சொல்லவேண்டும். அங்கே ‘மேட் அப்’ போட்டால், அப்படி ஒரு கருவியே கிடையாது, மனிதர் கதை விட்டார் என்றாகிவிடும். ‘இன்வென்ட்’ இரண்டு பக்கமும் போகும்: கருவியையும் இன்வென்ட் செய்யலாம், சாக்கையும் இன்வென்ட் செய்யலாம். ‘மேக் அப்’ இரண்டாவது பக்கம் மட்டும்தான். யோசனை, தீர்வு, திட்டம் இவற்றுக்கு ‘கம் அப் வித்’. “ஷி கேம் அப் வித் அ சொல்யூஷன்” என்றால் பாராட்டு. “ஷி மேட் அப் அ சொல்யூஷன்” என்றால், அது தீர்வே இல்லை, எதையோ அடித்துவிட்டாள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பேச்சில் நிறையக் கேட்கக்கூடிய நான்கு தொடர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “யூ ஆர் மேக்கிங் திஸ் அப்!” என்றால், சும்மா கதை விடாதே. “ஐ ஆம் நாட் மேக்கிங் திஸ் அப்” என்றால், நம்பமாட்டாய், ஆனால் சத்தியமாக நடந்தது. “யூ குடன்ட் மேக் இட் அப்” என்றால், கற்பனை செய்தால்கூட இப்படி வராது, அவ்வளவு விசித்திரம். “ஹி இஸ் மேக்கிங் இட் அப் ஆஸ் ஹி கோஸ் அலாங்” என்றால், கையில் திட்டம் எதுவும் இல்லை, போகப்போகத் தோன்றுவதைச் செய்துகொண்டு போகிறார்.

பனையோலை எழுதியது:

வினைத்தொகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழர்களுக்கு இந்த வினை அந்நியமாக இருக்கவேண்டியதே இல்லை. நம்மிடம் ‘கட்டு’ இருக்கிறது.

இல்லாததைச் சொன்னால் இட்டுக்கட்டுகிறான் என்கிறோம். அப்படிச் சொன்னது கட்டுக்கதை. புதிதாகப் பாட்டு உண்டாக்கினால் பாட்டுக் கட்டுகிறான், மெட்டுக் கட்டுகிறான். இழப்பைச் சரிசெய்தால் ஈடுகட்டுகிறோம். கூத்துக்கு முகம் எழுதி உடை போட்டு நின்றால் வேஷம் கட்டியிருக்கிறார். உதிரியாகக் கிடப்பதைச் சேர்த்து முடிந்தால் பொட்டலம் கட்டுகிறோம். ‘மேக் அப்’ இந்த ஐந்தையும் செய்கிறது: ஸ்டோரி, சாங், லாஸ், ஃபேஸ், பார்சல்.

காரணம் எளிது. ‘மேக் அப்’ என்பதன் அடிப்படை, துண்டுகளைச் சேர்த்து ஒன்றை முழுமையாக்குவது. ‘அப்’ என்ற ஒட்டுக்கு ‘மேலே’ என்பது மட்டும் பொருளில்லை. ‘யூஸ் அப்’ என்றால் மிச்சமில்லாமல் தீர்ப்பது, ‘ஃபில் அப்’ என்றால் விளிம்புவரை நிரப்புவது. அங்கெல்லாம் ‘அப்’ என்பது ‘முழுக்க’ என்ற வேலையைச் செய்கிறது. துண்டு துண்டான விவரங்களை முடிந்து கதையாக்கினால் இட்டுக்கட்டல். குறைந்துபோன துண்டை வைத்து மறுபடி முழுசாக்கினால் ஈடுகட்டல். சேர்ந்து நிற்கும் துண்டுகளையே சொன்னால் நைட்ரஜன் வாக்கியம். முகப்பூச்சுப் பொருள்கூட நாடக மேடையிலிருந்து வந்ததுதான். நடிகர் பாத்திரத்துக்கு ஏற்பத் தன்னை ஆக்கிக்கொள்வது முதலில் ‘மேக் அப்’. பிறகுதான் மேடையை விட்டு இறங்கி எல்லோருடைய அலமாரிக்கும் வந்தது. நம் ‘வேஷம் கட்டு’ அந்தப் பழைய பொருளில் அப்படியே நிற்கிறது.

‘கட்டு’ எட்டாத இடம் இரண்டு: ராசியாவதும், முடிவெடுப்பதும். அவற்றைத் தனியாகத்தான் படிக்கவேண்டும்.

நுணல் எழுதியது:

பனையோலை காட்டிய ஒற்றுமை அருமை, ஆனால் நினைவில் வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள். வீடு கட்டுவதும் பணம் கட்டுவதும் ‘மேக் அப்’ ஆகாது.

நடுவில் சொல் நுழைவதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடத்திலும் நிற்கும்: “ஷி மேட் அப் அ ஸ்டோரி”, “ஷி மேட் அ ஸ்டோரி அப்”. இரண்டும் சரி. இட், தெம், திஸ், தட் மாதிரிச் சுட்டும் சொல் என்றால் நடுவில்தான் வைக்கவேண்டும்: “ஷி மேட் இட் அப்”. “ஷி மேட் அப் இட்” என்று ஆங்கிலத்தில் வரவே வராது. இது மன்னிக்கக்கூடிய சின்னப் பிழை இல்லை, காதில் உடனே இடிக்கும்.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் பின்னால்தான் வைக்கவேண்டும். “ஹி மேட் அப் அ ஸ்டோரி அபௌட் அ லாஸ்ட் கீ அண்ட் அ ப்ரோக்கன் ஃபோன்” என்பதில் ‘அப்’ தன் இடத்தில் நிற்கிறது. அதைக் கொண்டுபோய்க் கடைசியில் ஃபோனுக்குப் பின்னால் வைத்தால், கேட்பவர் வினை எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருப்பார்.

‘மேக் அப் ஃபார்’ என்பதில் பிரிக்கும் வேலை கிடையாது. மூன்று சொல்லும் ஒட்டி வரும், செயப்படுபொருள் எதுவானாலும் கடைசியில்: “மேக் அப் ஃபார் த லாஸ்”, “மேக் அப் ஃபார் இட்”. ‘மேக் அப் வித்’ என்பதும் அப்படித்தான்: “மேக் அப் வித் ஹர்”. ‘மைண்ட்’ வரும்போது இரண்டும் நடக்கும்: “மேக் அப் யுவர் மைண்ட்”, “மேக் யுவர் மைண்ட் அப்”. பலர் சேர்ந்து முடிவெடுத்தால் பன்மை: “தே மேட் அப் தேர் மைண்ட்ஸ்”. அதற்குப் பின்னால் வினை வந்தால் ‘டு’: “ஐ ஹேவ் மேட் அப் மை மைண்ட் டு ஸ்டே”. பெயர் வந்தால் ‘அபௌட்’: “ஷி ஹேஸ் நாட் மேட் அப் ஹர் மைண்ட் அபௌட் த ஜாப்”. “மை மைண்ட் இஸ் மேட் அப்” என்று ஒருவர் சொன்னால், இனி வாதம் வேண்டாம் என்கிறார் என்று அர்த்தம்.

எழுத்திலும் ஒரு பிரச்சினை. வினை என்றால் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதவேண்டும். பெயர்ச்சொல் என்றால் ஒரே சொல்லாக, அல்லது நடுவில் சிறுகோடு போட்டு. “ஐ வில் மேக் அப் த ஹவர்ஸ்” என்பதில் சேர்த்து எழுதுவது பிழை, ஆனால் மின்னஞ்சல்களில் தினமும் பார்க்கிற பிழை. ‘மேட்-அப்’ என்ற பெயரடை பெயருக்கு முன்னால் வந்தால் கோடு வேண்டும்: “அ மேட்-அப் நேம்”. பின்னால் வந்தால் வேண்டாம்: “த நேம் இஸ் மேட் அப்”.

உச்சரிப்பிலும் இதே பிரிவினை. பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதலில்: ‘மேய்க்’ ஓங்கி, ‘கப்’ தணிந்து. வினையில் ‘அப்’ ஓங்கவேண்டும், முக்கியமாக நடுவில் ‘இட்’ வரும்போது. “ஷி மேட் இட் அப்” என்பதை நான்கு சொல்லாக வெட்டாமல் “ஷிமேய்டிட்டப்” என்று ஒரே மூச்சில் ஓடவிட்டு, கடைசி ‘டப்’ மீது குரலை ஏற்றுங்கள். ‘இட்’ விழுங்கியது போல் மெலிதாக இருந்தால் போதும்.

முகப்பூச்சைச் சொல்லும் பெயர்ச்சொல்லுக்கு ‘அ’ போடக்கூடாது, எண்ணவும் கூடாது. “ஷி வேர்ஸ் மேக்கப்”, “ஷி புட் ஆன் சம் மேக்கப்”. “அ மேக்கப்” என்று வராது.

தேன்சிட்டு கேட்டது:

மிக்க நன்றி, மூவருக்கும். ‘கட்டு’ உடனே மனசில் நின்றுவிட்டது. இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, ‘மேட் ஆஃப்’, ‘மேட் அப் ஆஃப்’, ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ மூன்றும் ஒன்றா? இரண்டு, “ஐ வில் மேக் இட் அப் டு யூ” என்று ஒரு நாடகத்தில் கேட்டேன். அங்கே ‘ஃபார்’ இல்லாமல் ‘டு’ ஏன்?

வினைத்தொகை எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், இரண்டாவதை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

‘மேட் ஆஃப்’ என்பது எந்தப் பொருளால் செய்தது என்பதற்கு. மேசை மரத்தால் ஆனது: “த டேபிள் இஸ் மேட் ஆஃப் வுட்”. ‘மேட் அப் ஆஃப்’ என்பது எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்தது என்பதற்கு. ஐ.நா. பாதுகாப்பு அவையில் 15 உறுப்பினர்கள்: “த கவுன்சில் இஸ் மேட் அப் ஆஃப் 15 மெம்பர்ஸ்”. அங்கே ‘அப்’ விட்டுவிட்டால், அவை உறுப்பினர்களைக் குழைத்துச் செய்தது போல் ஒலிக்கும். மேசைக்கு ‘அப்’ சேர்த்தாலும் அதே கோளாறு. செய்யும்போதே மூலப்பொருள் உருமாறிவிட்டால் ‘மேட் ஃப்ரம்’ என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது: “பேப்பர் இஸ் மேட் ஃப்ரம் வுட்”. காகிதத்தைப் பார்த்தால் மரம் தெரியாது, அதனால்.

‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ பொருளில் ‘மேட் அப் ஆஃப்’ போலத்தான். வடிவம்தான் வேறு. “த கவுன்சில் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் 15 மெம்பர்ஸ்” என்று நேராக வரும். “இஸ் கன்சிஸ்டட் ஆஃப்” என்று ஒன்று இல்லவே இல்லை. ‘இஸ் மேட் அப் ஆஃப்’ என்பதில் ‘இஸ்’ இருப்பதால் கை தானாக இங்கேயும் ‘இஸ்’ போட்டுவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பழகினால் அந்தப் பழக்கம் விடும்.

அதைவிட முக்கியம் திசை. ‘இஸ் மேட் அப் ஆஃப்’ என்றால் எழுவாய் முழுமை: அவை முன்னால், உறுப்பினர்கள் பின்னால். நேர்வினையாக ‘மேக் அப்’ என்றால் எழுவாய் பகுதி: “பெர்மனன்ட் மெம்பர்ஸ் மேக் அப் ஒன் தேர்ட் ஆஃப் த கவுன்சில்”. நிரந்தர உறுப்பினர் 5 பேர், மொத்தம் 15, ஆக மூன்றில் ஒரு பங்கு. இதைத் திருப்பிப்போட்டு “த கவுன்சில் மேக்ஸ் அப் 15 மெம்பர்ஸ்” என்று எழுதினால், அவை பதினைந்து உறுப்பினர்களை இட்டுக்கட்டியது என்ற வேடிக்கையான பொருள்தான் மிஞ்சும்.

இந்தப் பொருளில் தொடர்நிகழ்காலம் வராது. தமிழில் ‘இருக்கிறது’, ‘அமைந்திருக்கிறது’ என்று சொல்லிப் பழகியதால் “நைட்ரஜன் இஸ் மேக்கிங் அப் 78 பர்சென்ட்” என்று எழுதத் தோன்றும். அது நிலையான உண்மை, நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. “மேக்ஸ் அப்” போதும்.

மருதோன்றி எழுதியது:

ஈடுகட்டும் பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன். இது ஒரே ஆளாக நிற்பதில்லை, நான்கு உருவில் வருகிறது.

‘மேக் அப் ஃபார்’: பின்னால் வருவது குறை. இழப்பு, தாமதம், தவறு, அனுபவமின்மை என்று ஏதோ ஒன்று. அதை வேறொன்றால் சமன் செய்கிறோம். “த குட் ஆக்டிங் மேக்ஸ் அப் ஃபார் த வீக் ஸ்டோரி” என்றால் கதையில் உள்ள பலவீனத்தை நடிப்பு ஈடுகட்டுகிறது. கதை சரியாகிவிடவில்லை, இன்னொரு பக்கத்தில் நிறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘ஃபார்’ இல்லாத ‘மேக் அப்’: பின்னால் வருவது, அப்படியே திரும்ப நிரப்பக்கூடிய ஒன்று. நேரம், தொகை, விட்டுப்போன வகுப்பு, வேலைமணி. மொத்தம் 500 வேண்டும், 420 இருக்கிறது, மீதி 80ஐ நான் போடுகிறேன் என்றால் “ஐ வில் மேக் அப் த டிஃபரன்ஸ்”. அங்கே ‘ஃபார்’ போட்டால் பொருள் நழுவும். வெள்ளிக்கிழமை இரண்டு மணிநேரம் முன்னதாகக் கிளம்பி, திங்கட்கிழமை இரண்டு மணிநேரம் கூடுதலாக உட்கார்ந்தால் “ஐ வில் மேக் அப் த ஹவர்ஸ் ஆன் மன்டே”. தாமதமான ரயில் வழியில் வேகம் கூட்டி நேரத்தைப் பிடித்தால் “த ட்ரெயின் மேட் அப் டைம்”. நம் பேச்சில் ‘டைமை மேக்கப் பண்ணிடும்’ என்கிறோமே, அது இதேதான். இன்ன நிமிடம் என்று சொல்லவும் முடியும்: “வி மேட் அப் டென் மினிட்ஸ்”. விட்டுப்போன தேர்வைப் பின்னால் எழுதுவதை அமெரிக்காவில் ‘மேக்கப் எக்ஸாம்’ என்பார்கள். அதைக் கேட்டு அழகுக்கலைத் தேர்வு என்று நினைக்கவேண்டாம்.

ஒரு நெருடல் உண்டு. “மேக் அப் லாஸ்ட் டைம்”, “மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்” இரண்டும் வழக்கில் உள்ளன. இழந்த மணிகளை அளந்து நிரப்பினால் முதலாவது பொருந்தும். இரண்டாவதில் வேகமும் ஆசையும் சேர்ந்திருக்கும். பல ஆண்டு பிரிந்திருந்தவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் “தே ஆர் மேக்கிங் அப் ஃபார் லாஸ்ட் டைம்”.

‘மேக் இட் அப் டு’: நீங்கள் நாடகத்தில் கேட்டது. ‘டு’ என்பதற்குப் பின்னால் வருவது ஆள், குறை இல்லை. உங்களுக்கு ஒரு மனக்குறை வைத்துவிட்டேன், அதற்குப் பதிலாக உங்களுக்கு நல்லது ஏதாவது செய்து தீர்த்துவிடுகிறேன் என்ற வாக்குறுதி. இங்கே ‘இட்’ தவிர்க்கமுடியாதது. ‘இட்’ இல்லாமல் “மேக் அப் டு சம்படி” என்றால் காரியத்துக்காக ஒருவரைக் குழைந்து காக்கா பிடிப்பது என்று பொருள். அது பிரித்தானிய வழக்கு, கொஞ்சம் பழையதும்கூட. ‘இட்’ ஒன்று விழுந்தால் மன்னிப்பு முகஸ்துதியாகிவிடும், கவனம். ஆளையும் குறையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும் என்றால் இரண்டும் வரும்: “ஐ வில் மேக் இட் அப் டு யூ ஃபார் மிஸ்ஸிங் த வெட்டிங்”.

நான்காவது, உலோகத்தில் அடித்ததுபோல் மாறாத ஓர் அச்சு: “வாட் ஹி லேக்ஸ் இன் ஹைட், ஹி மேக்ஸ் அப் ஃபார் இன் ஸ்பீட்.” உயரத்தில் உள்ள குறையை வேகத்தில் ஈடுகட்டுகிறார். ‘ஃபார்’ பக்கத்திலேயே ‘இன்’ நிற்பதைப் பார்த்து, ஏதோ தட்டச்சுப் பிழை என்று ஒன்றை அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். ‘ஃபார்’ என்பதன் செயப்படுபொருள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘வாட்’ ஆகப் போய்விட்டது. ‘இன்’ என்பது ஸ்பீடுக்குச் சொந்தம். இரண்டும் வேண்டும்.

பனையோலை எழுதியது:

ராசியாவதைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகத் தொடவில்லை. சின்னப் பிள்ளைகள் காய் விட்டுவிட்டுப் பிறகு பழம் விடுவார்களே, அந்தப் பழம் விடுவதுதான் இந்த ‘மேக் அப்’. கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள் என்று ஏற்கெனவே உறவு இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது வரும். இரண்டு நாடுகளோ, வழக்கில் எதிரெதிராக நின்ற இரண்டு நிறுவனங்களோ சமரசமானால் ‘மேக் அப்’ பொருந்தாது. அதற்கு ‘செட்டில்’, ‘ரீச் அன் அக்ரிமென்ட்’ என்று வேறு இருக்கின்றன.

இங்கே நாம் செய்கிற பெரிய தவறு ‘காம்ப்ரமைஸ்’. ‘ரெண்டு பேரும் காம்ப்ரமைஸ் ஆயிட்டாங்க’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம், அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். ஆங்கிலத்தில் ‘காம்ப்ரமைஸ்’ என்றால் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவில் ஓர் உடன்பாட்டுக்கு வருவது. எதையும் விட்டுக்கொடுக்காமல், பேசி அழுது சிரித்து பழையபடி ஒட்டிக்கொண்டால் அது “தே மேட் அப்”. சண்டையைச் செயப்படுபொருளாக வைக்கவேண்டும் என்றால் ‘பேட்ச் அப்’: “தே பேட்ச்ட் அப் தேர் குவாரல்”. “தே மேட் அப் தேர் குவாரல்” என்று எழுதினால், சண்டையே நடக்கவில்லை, நடந்ததாகக் கதை கட்டினார்கள் என்று இன்று வாசிக்க இடமுண்டு.

பிரித்தானியர்கள் ராசியானதைச் சொல்ல நடுவில் ‘இட்’ சேர்ப்பதும் உண்டு: “தே மேட் இட் அப்”. இதே வாக்கியம் ‘அதை இட்டுக்கட்டினார்கள்’ என்றும் பொருள்படும். முன்னால் சண்டை பேசப்பட்டிருந்தால் ராசி, கதை பேசப்பட்டிருந்தால் கட்டு. குழப்பம் வேண்டாம் என்றால் ‘வித்’ போட்டு ஆளைச் சொல்லிவிடுங்கள்: “ஷி மேட் அப் வித் ஹர் சிஸ்டர்”.

நுணல் எழுதியது:

மிச்சம் உள்ள சில்லறைப் பொருள்கள், பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். “மேக் அப் அ பெட்” என்றால் விரிப்பு, போர்வை எல்லாம் போட்டுப் படுக்கையைத் தயார்செய்வது, பெரும்பாலும் வரும் விருந்தாளிக்காக. காலையில் எழுந்து படுக்கையைச் சரிசெய்வது “மேக் த பெட்”, அங்கே ‘அப்’ இல்லை. பிரிட்டனில் மருந்தாளர் சீட்டில் எழுதியபடி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் ‘மேக் அப்’. “மேக் அப் த நம்பர்ஸ்” என்றால் எண்ணிக்கையை நிரப்ப மட்டும் சேர்க்கப்பட்ட ஆள். தன்னைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் அதில் வருத்தம் இருக்கும். லிவர்பூல் பக்கத்து ஆள் “ஐ ஆம் மேட் அப்” என்றால் பூசிக்கொண்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ரொம்ப மகிழ்ச்சி என்கிறார்.

தேன்சிட்டு கேட்டது:

எல்லாவற்றையும் வைத்து ஆறு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். திருத்தித் தரமுடியுமா?

“தட் ஸ்டோரி இஸ் நாட் ட்ரூ, ஷி மேட் அப் இட்.”
“த கமிட்டி இஸ் மேட் ஆஃப் நைன் மெம்பர்ஸ்.”
“ஐ வில் மேக் அப் யூ ஃபார் த டிலே.”
“ஐ மேட் அப் வித் மை பிரதர் ஆஃப்டர் டூ வீக்ஸ்.”
“தே மேட் அப் தேர் மைண்ட் ஃபார் கோயிங்.”
“ஹர் ஹார்ட் வொர்க் மேட் அப் ஃபார் ஹர் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்.”

மருதோன்றி எழுதியது:

நான்காவதும் ஆறாவதும் அப்படியே சரி. மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலாவது “ஷி மேட் இட் அப்”. நுணல் சொன்ன விதிதான். ‘ஸ்டோரி’ என்று முழுப்பெயர் போட்டிருந்தால் உங்கள் வரிசை சரியாக இருந்திருக்கும்.

இரண்டாவதில் “மேட் அப் ஆஃப்”, ஏனென்றால் குழுவுக்கு உறுப்பினர்கள் பகுதிகள். “கன்சிஸ்ட்ஸ் ஆஃப்” போட்டாலும் நடக்கும், அப்போது ‘இஸ்’ போய்விடும்.

மூன்றாவதில் இரண்டு வாக்கியம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. ‘மேக் அப் யூ’ என்று எழுதியதும் உங்களுக்கு முகப்பூச்சுப் போடுகிறேன் என்ற திசையில் போகிறது. தாமதத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தால் “ஐ வில் மேக் அப் ஃபார் த டிலே”. ஆளைத் திருப்திப்படுத்த நினைத்தால் “ஐ வில் மேக் இட் அப் டு யூ”. அலுவலகக் கடிதத்தில் முதலாவதை எழுதுங்கள். இரண்டாவது நெருக்கமானவர்களிடம் சொல்வது. வாடிக்கையாளருக்கு எழுதினால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டது போல் இருக்கும்.

ஐந்தாவதில் இரண்டு திருத்தம்: ‘மைண்ட்ஸ்’ பன்மை, ‘ஃபார் கோயிங்’ போய் ‘டு கோ’. “தே மேட் அப் தேர் மைண்ட்ஸ் டு கோ.”

ஆறாவது வாக்கியத்தை இன்னும் ஒரு படி ஏற்றலாம். உழைப்பு அந்தக் குறையை அடைத்தது மட்டுமில்லை, அதற்கு மேலும் போய்விட்டது என்று சொல்ல ‘மோர் தேன்’ சேருங்கள்: “ஹர் ஹார்ட் வொர்க் மோர் தேன் மேட் அப் ஃபார் ஹர் லேக் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்.” ‘மோர் தேன்’ நிற்கவேண்டிய இடம் ‘மேட்’ என்பதற்கு முன்னால். ‘அப்’ என்பதற்கும் ‘ஃபார்’ என்பதற்கும் நடுவில் செருகினால் வாக்கியம் உடைந்துவிடும்.